தராசு மிஸ்ஸியும் ஐம்பது கிலோக் குழந்தைகளும்

உலக நாடுகள் எல்லாம் கூடியிருந்து எழுதிய அபிவிருத்தி இலக்குகளை ஒரு வரி விடாமல் மெய்யாகவே நம்பிய ஒரேயொரு மனிதப் பிறவி இந்தப் பூமியில் உண்டென்றால், அது எங்கள் தராசு மிஸ்ஸிதான். எழுதியவர்களே அவற்றை நம்பினார்களா என்பது எனக்குத் தெரியாது. அவற்றுக்காக வருடக்கணக்கில் படிவம் நிரப்பிய நான் நம்பவில்லை. மிஸ்ஸி நம்பினார். நம்பியதோடு நில்லாமல், அவற்றைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகவும் போனார்.

மிஸ்ஸி என்பது எங்கள் பக்கத்தில் தாதிகளையும் மருத்துவமாதரையும் கூப்பிடும் பெயர். இவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதை வரவுப் பதிவேட்டில் மட்டும்தான் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள புங்குடுதீவின் ஒரு மூலைக்கு, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு தேடிப்போய்க் கவனிக்கும் மருத்துவமாது அவர். கர்ப்பிணித் தாய்மாரை ஏற்றி நிறுக்கும் சதுரத் தராசு ஒன்றை, பழைய ரியூப் துண்டால் கரியரில் இறுக்கிக் கட்டியபடிதான் எங்கேயும் போவார். கோயிலுக்கும் அப்படித்தான். ஒருமுறை செத்தவீட்டுக்கும் அப்படியே வந்து, துக்கம் விசாரித்த கையோடு, "நீங்கள் நல்லாய் மெலிஞ்சு போனியள். ஒருக்கால் படலையடிக்கு வாங்கோ" என்று வீட்டுக்காரரைக் கூட்டிப்போய்த் தராசில் ஏற்றினார். பறையடித்துக்கொண்டிருந்தவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு எத்தனை கிலோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த மூலையில் ஏற்றி நிறுக்கக் கர்ப்பிணித் தாய் ஒருவரும் இல்லை. அங்கே கடைசியாகப் பிறந்த பிள்ளை தவழப் பழகியது கொழும்பு விமான நிலையத்தில்தான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று சனம் போய் முடிந்திருந்தது. வீதியின் இரண்டு பக்கமும் பளிங்கு பதித்த மாடி வீடுகள், பெரிய இரும்புப் படலைகள், அவற்றில் தேங்காய் அளவு பூட்டுகள். பத்து வீடு தள்ளி ஒரு வீட்டில் ஒரேயொரு மனிதர் இருப்பார். அவரும் வாசலில் கதிரையைப் போட்டு வீதியைப் பார்த்தபடி இருப்பார். வீதியில் மாடுகள் போகும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது இடமாற்றத்தில். அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று எனக்குப் பெயர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. தீவுப் பகுதி என்று கடிதத்தில் கண்டதும் நண்பர்கள் எல்லாம், "என்னடாப்பா பிழை செய்தனி?" என்றுதான் கேட்டார்கள். மனைவி வவுனியாவில் ஆசிரியை. வெள்ளிக்கிழமை பஸ் எடுத்தால் சனி, ஞாயிறு எனக்குக் குடும்பம் உண்டு. மற்ற ஐந்து நாளும் விடுதி அறையும், ஒரு மின்விசிறியும், கிரீம் கிறேக்கர் பிஸ்கட்டும்.

என் வேலையின் பெயரை ஒரு மூச்சில் சொல்ல முடியாது: 'தேசிய சுகாதாரக் கொள்கையை நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளோடு ஒத்திசைத்தல்'. விளக்கமாகச் சொன்னால், நாட்டுக்கு ஒரு சுகாதாரக் கொள்கை இருக்கிறது, உலகத்துக்குச் சில இலக்குகள் இருக்கின்றன, இரண்டும் ஒரே திசையில் போகின்றனவா என்று மேலே உள்ளவர்கள் பார்க்கிறார்கள். பார்ப்பதற்கு அவர்களுக்குக் கட்டங்கள் வேண்டும். கட்டங்களுக்குள் எண்கள் வேண்டும். அந்த எண்களை நிரப்ப அடியில் ஒருவன் வேண்டும். அது நான். எண் நன்றாயிருந்தால் கணினியில் கட்டம் பச்சையாகும், மோசமென்றால் சிவப்பாகும். அவ்வளவுதான் விஷயம்.

வந்த மாதமே ஒரு செயலமர்வு நடத்தினேன். மருத்துவமாதர் ஐந்தாறு பேர், மேசையில் வடை, சுவரில் படம். வந்தவர்களுக்கெல்லாம் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வட்ட ஊசிச் சின்னம் கொடுத்தோம். பதினேழு இலக்குக்கும் பதினேழு நிறம். நான் படத்தைக் காட்டி, "எவரையும் பின்னால் விட்டுவிடாதிருத்தல்" என்று கம்பீரமாக வாசித்தேன். பின்வரிசையில் ஒரு கை எழும்பியது.

"எவரையும் எண்டால் ஆர் ஆரை?"

"எல்லாரையும் மிஸ்ஸி."

"கர்ப்பிணியளையும் பிள்ளையளையும் மட்டுமோ?"

"இல்லை, எல்லாரையும்தான்."

"எழுபது, எண்பது வயசுக்காரரையும்?"

"ஓம் மிஸ்ஸி, எவரையும் எண்டால் எல்லாரையும்தான்." வடை ஆறிக்கொண்டிருந்த அவசரம் எனக்கு.

"அப்ப உதை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாரும்."

நானும் விளையாட்டாக ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். மிஸ்ஸி அதை நாலாக மடித்து, தன் பதிவேட்டின் மட்டைக்குள் செருகினார். அரச சேவையில் எழுதிக் கொடுப்பது எத்தனை ஆபத்தான காரியம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த கிழமை, தன்னுடைய வேலையைப் பார்க்க வரும்படி கூப்பிட்டார். அவர் சைக்கிளில் முன்னே, நான் மோட்டார் சைக்கிளில் பின்னே, நடை வேகத்தில். பூட்டிய வீடுகளைத் தாண்டி ஒரு வீட்டில் இறங்கினோம். கனகசபை, ஊர்வாயில் மாத்தறையார், என்ற கிழவர் வந்தார். தெற்கே மாத்தறையில் நாற்பது வருடம் கடை நடத்தியவர். தமிழைவிடச் சிங்களத்தில் கோபப்படத்தான் அவருக்கு வசதி. மூன்று பிள்ளைகளும் மூன்று நாட்டில். செருப்பைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, பயபக்தியோடு தராசில் ஏறினார். மிஸ்ஸி குனிந்து பார்த்து, பைக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்தார்.

அது கைக்குழந்தைகளுக்கு நாங்கள் கொடுக்கும் வளர்ச்சி அட்டை.

"மிஸ்ஸி, இது பிள்ளையளின்ரை அட்டை."

"ஓம். வருசா வருசம் கட்டுக்கட்டாய் அனுப்புறியள். இஞ்சை பிள்ளையள் எங்கை? கறையான் தின்ன விடுறதே?"

அட்டையில் கிலோக் கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று மேலே ஏறும். மிஸ்ஸி நீலப் பேனையால் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு நாலைப் போட்டிருந்தார். ஒன்று நாற்பத்தொன்றாகி, ஏழு நாற்பத்தேழாகிவிட்டது. மெலிந்தவர்களுக்கு மூன்று, கொழுத்தவர்களுக்கு ஐந்து. கீழே மாதம். மேலே குழந்தையின் பெயர் என்று அச்சிட்ட இடத்தில் கனகசபை, பாக்கியம், நாகமுத்து. இப்படி இருபத்தொரு அட்டைகள். ஒவ்வொன்றிலும் நேர்த்தியாகக் கோடு கீறியிருந்தார். சில அட்டைகளில், பால் குடிக்கும் குழந்தையின் படத்துக்குப் பக்கத்தில், 'பல்லில்லை, பலாப்பழம் கேட்கிறார்' என்ற மாதிரிக் குறிப்புகளும் இருந்தன.

நான் சிரித்தேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை. அட்டைகளை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத் தரையில் பரப்பினார்.

"வடிவாய்ப் பாரும். ஆடி மாசம் எல்லாருக்கும் மேலை போகுது. ஆவணி முடியக் கீழை விழுகுது. எல்லாருக்கும் ஒண்டாய். என்னெண்டு?"

"வெய்யிலோ?"

"வெய்யிலும் மழையும்! ஆடியிலை வெளிநாட்டுப் பிள்ளையள் லீவுக்கு வருவினம், திருவிழாவுக்கு நிப்பினம். வீட்டிலை சமையல் நடக்கும். பேந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிடுவினம். பேந்து ஆர் சமைக்கிறது? ஒரு ஆளுக்கு ஆரும் உலை வைப்பினமே?"

மாத்தறையார் வீதியைப் பார்த்துக்கொண்டு, "ஒரு ஆளுக்குச் சோறு வடிச்சால் அது சோறு மாதிரி இல்லை, தம்பி" என்றார். அன்று விடுதிக்கு வந்து பிஸ்கட் பெட்டியைத் திறந்தபோது அந்தச் சொல் ஞாபகம் வந்தது. பெட்டியை மூடினேன். பசித்தது, திரும்பத் திறந்தேன்.

மிஸ்ஸி இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். ஆட்களைச் சோடி சேர்ப்பது. இன்றைக்கு இவர் வீட்டு உலை, நாளைக்கு அவர் வீட்டு உலை, இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். யாரை யாரோடு சேர்ப்பதென்பது சாதகம் பார்ப்பதைவிடக் கடினமான காரியம். மாத்தறையாருக்கு மிகக் கிட்ட இருந்தவர் பாக்கியக்கா. ஒரு வேலிதான் நடுவில். ஆனால் அந்த வேலிக் கதியாலை யார் எத்தனை அங்குலம் தள்ளி நட்டது என்ற வழக்கில் இருவரும் முப்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"ஊர் என்ன சொல்லும், மிஸ்ஸி?" என்று பாக்கியக்கா கேட்டாராம்.

"ஊரே? ஊர் எங்கை இருக்கு, சொல்லுறதுக்கு? ரெண்டு பேருக்கும் சேத்து நூற்றைம்பது வயசு. என்ன கதை வரப்போகுது?"

அதோடு விடவில்லை. "இருபத்தொரு பேர். ஒற்றைப்படுது. கடைசி ஆளை எங்கையேன் மூண்டாவதாய்ச் சேர்க்கலாம். நீரும் கிழமை நாளிலை தனிச் சீவன். ஏறும்" என்றார். என்னையும் நிறுத்தார். எனக்கும் ஓர் அட்டை போட்டார். அரச உத்தியோகத்தனாகிய நான் என்ன செய்தேன்? செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பேச்சுவார்த்தை இல்லாத சோடிக்கு நடுவில் ஓர் ஆள் வேண்டுமென்று, என்னை மாத்தறையார், பாக்கியக்காவோடு மூன்றாவதாகப் போட்டார்.

முதல் நாள் மத்தியானம் நான் நடுவில். இந்தப் பக்கம் ஒரு கை தூரத்தில் மாத்தறையார், அந்தப் பக்கம் பாக்கியக்கா.

"தம்பி, கறிக்கு உப்புக் காணாதெண்டு சொல்லும்" என்றார் மாத்தறையார்.

நான் திரும்பி, "உப்புக் காணாதாம், அக்கா" என்றேன்.

"உப்புக் கூடினால் பிரஷர் ஏறுமாம் எண்டு சொல்லும், தம்பி. வேலி தள்ளிற ஆக்களுக்குக் கெதியாய் ஏறுமாம்."

"பிரஷர் ஏறுமாம், அண்ணை." மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

"மிச்சத்தையும் சொல்லும்" என்றார் பாக்கியக்கா.

இப்படியே நாலு மாதம் நான் தபால்காரனாக இருந்தேன். ஐந்தாம் மாதம் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. அடுத்த நாள் போனால் மாத்தறையார் மெதுவாக, "பாக்கியம், ரசம் இருக்கோ?" என்று நேரே கேட்கிறார். எனக்குப் பதவி பறிபோன கவலை வந்தது. அந்த இரண்டு அட்டைகளிலும் கோடு மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது.

இந்த நாட்களில் மிஸ்ஸி என்னிடம் ஒரு விநோதமான உதவி கேட்டார். செயலமர்வில் மிஞ்சிய ஊசிச் சின்னம் ஒன்று வேண்டுமாம். ஏற்கனவே கொடுத்தது அவருடைய வெள்ளைச் சீருடையில், நெஞ்சில் அல்ல, இடுப்போரத்தில் குத்தியிருந்தது. இரண்டாவதும் இடுப்பின் மறுபக்கத்தில் ஏறியது. கொஞ்சநாளில் மூன்றாவது கேட்டார். உலக இலக்குகள்மேல் இந்த மனுசிக்கு என்ன பக்தி என்று நான் பணிமனையில் சொல்லிச் சிரித்தேன்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. எங்கள் மூலையின் கட்டங்கள் எல்லாம் பச்சை. பிள்ளைப்பேற்றில் தாய் இறப்பு இல்லை, பச்சை. ஐந்து வயதுக்குள் பிள்ளை இறப்பு இல்லை, பச்சை. எங்கள் அதிகாரி பெருமையில் பூரித்துப் போனார். பிறந்தால்தானே இறப்பதற்கு என்று கேட்கும் கட்டம் கணினியில் இல்லை. கடிதம் சொன்னது இதுதான்: இலக்கை எட்டிய இடங்களில் மருத்துவமாது பதவி தேவையில்லை, வருட முடிவோடு பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடலாம்.

மிஸ்ஸி கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார்.

"இலக்கை எட்டினால் ஆளைத் தூக்குவினமோ?"

"வேறை இடம் தருவினம் மிஸ்ஸி. உங்களுக்கு நட்டமில்லை."

"எனக்கில்லை. இவையளுக்கு? பக்கத்துப் பிரிவு மிஸ்ஸிக்குப் பிள்ளையள் இருக்கு, கர்ப்பிணியள் இருக்கு. அவ ஏன் இஞ்சை வாறா? நான் போனால் இந்த இருபத்தொரு சீவனின்ரை வாசலிலையும் ஆர் சைக்கிளை நிப்பாட்டுறது?"

அவர் பதிவேட்டின் மட்டைக்குள் கையை விட்டார். நாலாக மடித்த தாள் வெளியே வந்தது.

"எவரையும் எண்டால் எல்லாரையும் எண்டு எழுதித் தந்தனீர். இது உம்மடை கையெழுத்துத்தானே? அப்ப இந்த அட்டையளை உந்தக் கொம்பியூட்டரிலை ஏத்தும். இஞ்சை ஆக்கள் இருக்கினமெண்டு காட்டும்."

அட்டைக் கட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று வெள்ளிக்கிழமை. பஸ்ஸுக்கு முக்கால் மணித்தியாலம் இருந்தது. கணினியில் தேடினேன். முதியவர்களின் நிறையைப் பதிய எங்கேயும் கட்டம் இல்லை. மாதாமாதம் நிறை கேட்ட ஒரேயொரு படிவம் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கானது. இப்படியான அறிக்கைகளை எவரும் வாசிப்பதில்லை என்பது என் நீண்டகால அனுபவம். பிறந்த திகதி கேட்டபோது மிஸ்ஸி அட்டை தொடங்கிய திகதியை அடித்தேன். கனகசபை, வயது இருபது மாதம், நாற்பத்தேழு கிலோ. பாக்கியம், வயது பத்தொன்பது மாதம், ஐம்பத்திரண்டு கிலோ. இருபத்தொரு பேரையும் ஏற்றிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன். இந்தக் காலத்தில் எந்தப் பெற்றோர் பிள்ளைக்குக் கனகசபை என்று பெயர் வைப்பார்கள் என்றுகூட யோசிக்காத படித்த மடையன் நான்.

யாரோ வாசித்துவிட்டார்கள்.

இரண்டு கிழமையில் எங்கள் அதிகாரி மூச்சு வாங்க என்னைக் கூப்பிட்டார். "என்ன காணும் நடக்குது உங்கை? உம்மடை தீவிலை கைக்குழந்தையள் எல்லாம் ஐம்பது கிலோவாம்! நாடு முழுக்க இல்லாத பருமனாம்! கட்டமெல்லாம் சிவப்பு. கொழும்பிலை இருந்து டொக்ரர் அம்மா ஒராள் நேரை வாறாவாம்!"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. மிஸ்ஸியின் வீட்டுக்குப் போய் அவரிடம்தான் சொன்னேன். ஏசப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"மாத்தறையார் எத்தினை மாசப் பிள்ளையாம்?"

"இருபது மாசம்."

மிஸ்ஸி சிரித்தார். கண்ணீர் வழிய, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் வேறு ஒருநாளும் காணவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வரட்டும் தம்பி. ஆரேன் வாறது நல்லதுதான். இஞ்சை ஆரும் வந்து கனகாலம்" என்றார்.

வந்தார்கள். எங்கள் அதிகாரி, குழந்தைகள் அழாமலிருக்க என்று ஒரு பை நிறைய பலூனும், மிருகப் படம் போட்ட புத்தகங்களும் வாங்கி வந்திருந்தார். கிளினிக் மண்டபத்தில், குளித்து, வெளுத்த உடுப்பு உடுத்து, திருநீறு பூசிய இருபத்தொரு பேர் வாங்கில்களில் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் குழந்தை அட்டை. டொக்ரர் அம்மா வாசலில் நின்று மண்டபத்தைப் பார்த்தார். எங்கள் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பலூன் பையைப் பார்த்தேன்.

"பிள்ளைகள் எங்கே?" என்று தமிழில் கேட்டார் டொக்ரர் அம்மா. மட்டக்களப்பில் வேலை செய்தபோது பழகிய தமிழ் என்று பிறகு சொன்னார்.

"கனடாவிலை" என்றார் பாக்கியக்கா.

மாத்தறையார் எழும்பினார். ஒரு சிங்கள முகத்தை முன்னால் கண்டதும் அவருக்கு நாற்பது வயது குறைந்துவிட்டது. மாத்தறைக் கடைத்தெரு, கடை முதலாளிமார், அங்கே குடித்த தேத்தண்ணி என்று சிங்களத்தில் மடை திறந்தது. அந்த அம்மாவும் மாத்தறைப் பக்கத்தவராம். இரண்டு பேரும் எந்தச் சந்தியில் எந்தக் கடை என்று சண்டை பிடித்தார்கள். இதற்குள் எங்கள் அதிகாரி, பதற்றத்தில் வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பலூன்களை ஊதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். மாத்தறையார் ஒரு சிவப்புப் பலூனைப் பிடித்தபடிதான் மிச்சக் கதையைச் சொல்லி முடித்தார்.

கடைசியில் அட்டைகளைக் கேட்டார் டொக்ரர் அம்மா. நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன், வெள்ளிக்கிழமை பஸ் உட்பட. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மிஸ்ஸி அட்டைகளை மேசையில் பரப்பினார்.

"ஏன் எல்லாரும் ஒரே மாதம் விழுகிறார்கள்?"

மிஸ்ஸி சொன்னார். பிள்ளைகள் வந்து போன மாதம் என்று சொன்னார். ஒரு ஆளுக்கு உலை வைப்பதைப் பற்றிச் சொன்னார். பிறகு விரலை நகர்த்தி, "இது போன வருசம், விழுந்தது. இது இந்த வருசம். சோடி சேர்த்த பிறகு. விழேல்லை" என்றார்.

டொக்ரர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என்னுடைய அம்மாவும் தனியேதான் இருக்கிறார்" என்றார். "மிஸ்ஸி, கொள்கையில் இதற்குக் கட்டம் இல்லை. புதுக் கட்டம் போட எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் நீங்கள் இருக்கும்வரை இந்தப் பதவியை எடுக்க வேண்டாம் என்று எழுதுவேன்" என்றார். சொன்னபடியே எழுதினார். எங்கள் மூலை திரும்பப் பச்சையாயிற்று. மாத்தறையாரின் சிவப்புப் பலூன் அவருடைய படலையில் சுருங்கிப்போகும்வரை கட்டியிருந்தது.

நீங்கள் இருக்கும்வரை என்றுதான் எழுதினார். இரண்டு வருடத்தில் மிஸ்ஸி ஓய்வு பெற்றார். அதற்கிடையில் எனக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்துவிட்டது, மனைவியும் வந்து சேர்ந்தார். மிஸ்ஸிக்குப் பிறகு ஆள் போடவில்லை. தராசு அரசாங்கச் சொத்து. கடைசி நாள் களஞ்சியத்தில் கையளித்துக் கையெழுத்து வாங்கினார்களாம். சைக்கிள் கரியரில் ரியூப் துண்டு மட்டும் தொங்கியதாம். இதெல்லாம் கேள்விப்பட்டேன். போகிறேன், போகிறேன் என்று ஒன்றரை வருடம் போகாமல் இருந்தேன். அதற்கு ஒரு நியாயமும் என்னிடம் இல்லை.

போன வருடம் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வேலையாகப் போனபோது, வழியில் மிஸ்ஸியைப் பார்க்க இறங்கினேன். மிஸ்ஸிக்குச் சொந்த ஊர் அனலைதீவு. கலியாணம் செய்யவில்லை, ஒரேயொரு தமையன் ஜெர்மனியில். ஓய்வுக்குப் பிறகும் இங்கேயே, வெளிநாடு போனவர்களின் பெரிய மாடி வீடொன்றைக் காவல் பார்த்துக்கொண்டு அதில் ஒரு அறையில் இருந்தார். கூப்பிட்ட சத்தத்துக்கு வெளியே வந்தார். வீட்டுச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. இடுப்பில் இரண்டு பக்கமும், முதுகிலும், பதினேழு நிறத்தில் மூன்று வட்டங்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தரம் மெலிந்தபோதும், தொளதொளத்த சட்டையைப் பிடித்துக் குத்தத்தான் ஊசி கேட்டிருக்கிறார். ஊரெல்லாம் சோடி சேர்த்த மனுசி, என்னையும் ஒருவனாக எண்ணிய மனுசி, தன்னை எண்ணவேயில்லை. நான் மூன்று ஊசியையும் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்திருக்கிறேன்.

"மிஸ்ஸி, இண்டைக்கு என்ன சமையல்?"

"அது... விடியப் பேக்கரியிலை பாண் வாங்கினனான். ஒரு ஆளுக்கு..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். வேறு பக்கம் பார்த்தார். "மாத்தறையாரும் பாக்கியமும் இப்பவும் சேர்ந்துதான் சாப்பிடுகினம். என்னையும் கூப்பிடுறவை. உரிமையில்லாமல் என்னெண்டு போறது? முந்தித் தராசு இருந்தது, அதைச் சாட்டிப் போகலாம்."

வந்த சனிக்கிழமை திரும்பப் போனேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் வாங்கிய தராசு, மோட்டார் சைக்கிளில் ரியூப் துண்டால் கட்டியபடி. பணிமனை அலுமாரியில் மிஞ்சிக் கிடந்த ஒரு வளர்ச்சி அட்டையும் கையில். மிஸ்ஸி கண்டதும், "உமக்கென்ன விசரே? என்னை ஆர் நிறுக்கச் சொன்னது?" என்று பாய்ந்தார்.

"எவரையும் எண்டால் எல்லாரையும் மிஸ்ஸி. நான் எழுதிக் கையெழுத்து வைச்சுத் தந்தனான். அந்தத் தாள் இருக்கோ?"

இருந்தது. எடுத்துத் தரமாட்டேன் என்றார். ஆனால் செருப்பைக் கழற்றினார். முப்பத்தெட்டு. நான் அட்டையில் எட்டுக்கு முன்னால் ஒரு மூன்றைப் போட்டேன். பத்துக்கு முன்னாலும் மூன்றைப் போடப் போக, "முந்நூற்றிப் பத்துக் கிலோவோ நான்? கொண்டாரும்" என்று பேனையைப் பறித்து, தானே நாற்பது என்று எழுதினார். பிறகு தராசைத் தன் சைக்கிள் கரியருக்கு மாற்றிக் கட்டினார். இறுக்கம் காணாதென்று அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். குசினிக்குள் போய், பானையை எடுத்து வைத்துக்கொண்டு அங்கிருந்தே கேட்டார்.

"சாப்பிட்டுட்டுத்தானே போறீர்?"

அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் தீவுக்குப் பாலம் தாண்டிப் போகிறேன். மற்ற நாட்களில் மிஸ்ஸி தராசோடு மாத்தறையார் வீட்டுக்குப் போகிறார். நிறுத்த கையோடு அங்கேயே சாப்பிடுகிறார், மூன்றாவது ஆளாக. போன மாதம் நாற்பத்தொன்று. முதுகிலிருந்த ஊசியைக் கழற்றி என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். இன்னும் இரண்டு இருக்கின்றன. உலகத்துக்கு எத்தனை இலக்குகளோ இருக்கட்டும், அந்த இரண்டையும் என் கையில் வாங்குவதைத் தவிர எனக்கு வேறு இலக்கு இல்லை.